லூப்பரில் 99 இடம்: எதை எங்கே வைப்பது

லூப்பர் என்பது வாசித்ததையோ பாடினதையோ பதிந்து திரும்பத் திரும்ப ஓட விடுகிற கருவி. அதை வாங்கின முதல் மாதத்தில் எல்லாருடைய கருவியும் ஒரே மாதிரித்தான் கிடக்கும். மெமரி (பதிந்ததைச் சேமிக்கிற இலக்கமிட்ட இடம்) 1 தொடக்கம் 14 வரை "டெஸ்ட்", "டெஸ்ட் 2", பெயரே இல்லாத நாலைந்து. நடுவில் எங்கேயோ ஒரு அருமையான தாளம் இருக்கும், எந்த இலக்கம் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்து வாசிக்கும்போது குமிழைத் திருகித் தேடலாம். கல்முனையில் ஒரு கல்யாண மண்டபத்தில், அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிற எட்டு விநாடிக்குள் தேட முடியாது. அந்த எட்டு விநாடிக்காகத்தான் கீழே உள்ள அவ்வளவும்.

பொஸ் ஆர்சி-505ஐ வைத்தே சொல்கிறேன். 2013இல் வந்த பழையதும் சரி, 2021இல் வந்த மார்க் 2உம் சரி, இரண்டிலும் ஐந்து ட்ராக் (தனித்தனியாகப் பதிந்து ஓட விடுகிற தடம்), 99 மெமரி. காலால் அழுத்துகிற ஆர்சி-500இல் இரண்டு ட்ராக், ஆர்சி-600இல் ஆறு. அவற்றிலும் மெமரி 99தான். வேறு கம்பனிக் கருவி என்றால் இலக்கங்கள் மாறும், வேலை மாறாது.

ஒரு மெமரிக்குள் இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. ஒன்று, பதிவு செய்த சத்தம். மற்றது, அந்தச் சத்தத்தைக் கருவி எப்படி நடத்த வேண்டும் என்ற ஒழுங்கு: டெம்போ, அட்சரக் கணக்கு, ட்ராக் நிற்கிற விதம், எபெக்ட், ரிதம். சத்தம் இல்லாமல் ஒழுங்கு மட்டும் வைத்திருக்கிற மெமரியை இங்கே அச்சு என்று சொல்கிறேன், சத்தமும் சேர்ந்ததை நிரப்பினது என்று. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் நிரப்பினதை முப்பது நாற்பது வைத்திருப்பார்கள், அச்சு ஒன்றுகூட இராது. தலைகீழாக இருக்க வேண்டும்.

காரணம் கட்டை, அதாவது பாடுகிறவரின் சுருதி உயரம். 2½ கட்டையில் கிற்றார் அடித்து நிரப்பி வைத்த மெமரி, அன்றைக்குப் பாட வருகிற தங்கச்சிக்கு 5½ கட்டை என்றால் அப்படியே குப்பை. சுருதி மாற்றுகிற எபெக்ட் இருக்கிறதுதான், ஆனால் மூன்று கட்டை ஏற்றினால் கிற்றார் பிளாஸ்டிக் சாமான் மாதிரிக் கேட்கும். தாளத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைப்பார்கள். மிருதங்கத்தின் வலந்தலை சுருதிக்குச் சேர்த்தது. 2½இல் சேர்த்த "தீம்" 5½ பாட்டுக்குக் கீழே தனியாக இழுக்கும். கஜோன், தர்புக்கா, வாயால் அடிக்கிற பீட் பொக்ஸ் என்றால் எந்தக் கட்டைக்கும் சரி வரும். ஆகவே நிரப்பி வைப்பதென்றால் சுருதி ஒட்டாத தாளத்தை மட்டும் நிரப்புங்கள், மற்றதெல்லாம் அச்சு.

இனி 99ஐயும் பங்கு பிரிக்கலாம். 1 தொடக்கம் 9 வரை அச்சு: ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு, பைலா (இலங்கையின் துள்ளல் ஆட்டப் பாட்டு), தாளக்கட்டில்லாதது, சவுண்ட் செக்குக்கு ஒன்று, மிச்சம் இரண்டு உங்கட விருப்பம். இந்த ஒன்பதிலும் மேடையில் எதையும் சேமிக்கக் கூடாது. 10 முழுக்க வெறுமை. மேடையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் ஓடிப்போய் நிற்கிற இடம். 11 தொடக்கம் 40 வரை அன்றைய நிகழ்ச்சி, பாடப்போகிற அதே வரிசையில். 51 தொடக்கம் 90 வரை களஞ்சியம். தெரிந்த பாட்டெல்லாம் அங்கே நிரந்தரமாக இருக்கும், நிகழ்ச்சிக்கு முதல்நாள் வேண்டியதை 11க்குப் பிறகு கொப்பி பண்ணிக்கொள்வீர்கள். 91 தொடக்கம் 99 வரை கிறுக்கல் கொப்பி. ஒத்திகையில் திடீரென்று வருகிற யோசனையெல்லாம் அங்கே. 41 தொடக்கம் 50 வரை விடுபட்டது தற்செயல் அல்ல, களஞ்சியத்துக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒரு வேலி வேண்டும். குமிழ் ஒரு சுற்றுக் கூடினால் அடுத்த வாரப் பாட்டில் போய் நிற்கக் கூடாது.

களஞ்சியத்தை அகர வரிசையில் வைக்கலாம், நிகழ்ச்சி வகையால் பிரிக்கலாம். மார்கழியில் பாடசாலை ஒளிவிழாக்களுக்கு ஓடித் திரிகிறவர்கள் கரோல்களை மட்டும் 81க்கு மேலே சேர்த்து வைத்தால் வசதி. நிகழ்ச்சிப் பகுதியில் மட்டும் வேறு எந்த வரிசையும் வேண்டாம். ஒரே சுருதிப் பாட்டெல்லாம் ஒன்றாக, ஒரே தாளமெல்லாம் ஒன்றாக என்று அடுக்கினால் கொப்பியில் பார்க்க வடிவாக இருக்கும், மேடையில் 14இலிருந்து 27க்கும் பிறகு 12க்கும் தாவ வேண்டி வரும். ஒரு பாட்டு முடிந்தால் கை செய்ய வேண்டியது ஒரேயொரு அழுத்தல், அடுத்த மெமரி. அவ்வளவுதான்.

ஐந்து பாட்டுக்கு ஒரு இடம் காலியாக விடுங்கள். நம்மட பக்கத்தில் சீட்டு வரும். கடதாசித் துண்டில் பாட்டுப் பெயரை எழுதி, மடித்து, ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்து மேடைக்கு அனுப்புவார்கள். காலி இடத்தில் ஆதி தாள அச்சின் கொப்பி ஒன்று இருந்தால், டெம்போவை மட்டும் தட்டி எடுத்துக்கொண்டு உடனே தொடங்கலாம், வரிசையும் கலையாது.

பெயர் வைக்க 12 எழுத்துத்தான் கிடைக்கும், அதுவும் ஆங்கில எழுத்து. திரையில் தமிழ் வராது. 12ஐயும் வீணாக்காமல் இப்படிப் பிரிக்கலாம்: முதல் ஐந்து எழுத்து பாட்டின் தொடக்கச் சொல், ஒரு இடைவெளி, மூன்று இலக்கத்தில் டெம்போ, ஒரு இடைவெளி, இரண்டு இலக்கத்தில் கட்டை. 5 + 1 + 3 + 1 + 2, சரியாக 12. டெம்போ 96 என்றால் 096 என்று எழுதுங்கள், அப்போதுதான் எல்லாப் பெயரிலும் இலக்கம் ஒரே இடத்தில் நிற்கும், கண் தேடாது. 2½ கட்டைக்கு 25, 5½க்கு 55, வெறும் 1 கட்டைக்கு 10. நிரப்பின மெமரி என்றால் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகவும் அச்சு என்றால் சின்ன எழுத்தாகவும் வையுங்கள். இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். அழுத்தினவுடன் சத்தம் வருமா வராதா என்பது இருட்டில் அதைப் பார்த்துத்தான் விளங்கும்.

மெமரி ஒழுங்கில் அதிகம் பிழை விடுகிற இடம் ட்ராக் ஒதுக்கீடு. ஒரு பாட்டில் தாளம் முதல் ட்ராக்கில், அடுத்த பாட்டில் மூன்றாவதில் என்று வைத்தால், பாட்டின் நடுவில் "தாளத்தை மட்டும் நிறுத்து" என்று மூளை சொல்லும், கை கோரஸை வெட்டும். 99 மெமரியிலும் ஒரே ஒதுக்கீடு இருக்க வேண்டும். 1 தாளம், 2 பேஸ், 3 கிற்றார் அல்லது கீபோர்ட், 4 குரல் அடுக்கு, 5 சுருதி அல்லது ஒருமுறை மட்டும் ஒலித்து அடங்குகிற சத்தம். பேஸ் இல்லாத பாட்டென்றால் 2 சும்மா இருக்கட்டும். அதை நிரப்ப வேறொன்றை இழுத்து வராதீர்கள். இரண்டு ட்ராக் கருவியில் 1 தாளமும் பேஸும், 2 மற்றதெல்லாம்.

அதோடு பதிவு அழுத்தல் என்ன செய்யும் என்பதும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவு முடிய மறுமுறை அழுத்தினால் சில மெமரியில் நேரே ஓடத் தொடங்கும், சிலதில் மேல்பதிவுக்குள், அதாவது ஓடுகிற லூப்பின் மேலேயே இன்னொன்றைப் பதிகிற நிலைக்குள், போகும். இந்தத் தெரிவு மெமரிக்கு மெமரி மாறிக் கிடந்தால் வருகிற ஆபத்து கொஞ்ச நஞ்சமல்ல. மைக் திறந்திருக்கும், மொனிட்டரில் லூப் ஓடும், கருவி உங்களுக்குத் தெரியாமல் மேல்பதிவில் இருக்கும். லூப்பின் சத்தமே மைக்கால் திரும்ப உள்ளே போய்த் தன் மேலேயே படியும். முதல் சுற்றில் தெரியாது. மூன்றாவது சுற்றில் தாளம் அண்டாவுக்குள் அடிக்கிற மாதிரி மங்கும், ஐந்தாவதில் ஊளை. சவுண்ட்கார அண்ணன் தன் சவுண்ட் மேசையில் குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பார், அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. மண்டபத்தில் மைக்கோடு வேலை செய்கிறவர்கள் எல்லா மெமரியையும் "பதிவு, பிறகு ஓடு" என்றே வையுங்கள். மேல்பதிவு வேண்டிய நேரம் இன்னொரு தரம் அழுத்தினால் போகிறது.

நிறுத்துகிற விதம் மட்டும் ட்ராக்குக்கு ட்ராக் வேறுபடலாம். தாளமும் பேஸும் உடனே நிற்க வேண்டும். சுருதி மெல்லத் தேய்ந்து நிற்க வேண்டும். குரல் அடுக்கு லூப் முடிவில் நின்றால் சொல் பாதியில் அறுபடாது. சுருதி ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் "டிக்" என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்வரத்தை அழுத்துகிற அதே கணம் பதிவையும் அழுத்தியிருப்பீர்கள், அந்தத் தொடக்கத் தட்டு உள்ளே போய்விட்டது. ஸ்வரத்தை முதலில் ஒலிக்க விட்டு, இரண்டு மூன்று விநாடி கழித்துப் பதிவைத் தொடங்கி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முடியுங்கள்.

தாள அச்சுக்கு வருவோம். ஆதி தாளம் எட்டு அட்சரம். 4/4இல் இரண்டு பார், தொல்லை இல்லை. ரூபகம் 3/4. தொல்லை சாபுவில். மிஸ்ர சாபுவை, தகிட தகதிமி, 4/4 போட்ட மெமரியில் பதிந்து பாருங்கள். குவான்டைஸ் (லூப்பின் நீளத்தைத் தாளக் கணக்கோடு ஒட்ட வைக்கிற வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் கருவி ஏழாவது தட்டோடு லூப்பை மூடாது, 4/4 பார் முடியும் மட்டும் காத்திருக்கும். ஏழுக்குப் பதில் எட்டு ஆகும். தகிட தகதிமி, பிறகு ஒரு வெற்றுத் தட்டு, தகிட தகதிமி, பிறகு ஒரு வெற்றுத் தட்டு. நொண்டுகிற ஆள் நடக்கிற மாதிரி. டெம்போ 105இல் அந்த வெற்றுத் தட்டு கால் விநாடிக்குக் கொஞ்சம் கூட, ஆனால் எந்தக் காதும் பிடித்துவிடும். அச்சில் 7/8 போட்டால் ஒரு ஆவர்த்தனம் சரியாக 2 விநாடி. கண்ட சாபுவுக்கு, தக தகிட, 5/8. இந்தக் கணக்கை ட்ராக்கில் எதுவும் பதியாத நேரத்தில் மாற்ற வேண்டும். பதிந்த பிறகு மாற்றிச் சரி செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். இதனால்தான் தாளத்துக்கு ஒரு அச்சு.

பைலாவின் 6/8இல் சிக்கல் வேறு. கால் தட்டுகிற வேகம் நிமிடத்துக்கு 120 என்றால், ஒரு தட்டுக்குள் மூன்று சின்னத் தட்டு அடங்கும். டெம்போவைக் குவார்ட்டர் நோட்டால் (இரண்டு சின்னத் தட்டு) எண்ணுகிற கருவியில் 120 போட்டால் பாட்டு இழுபடும், 180 போட வேண்டும். மெட்ரோனோமை ஓட விட்டு ஒருக்கா எண்ணிப் பார்த்தால் உங்கட கருவி எதை எண்ணுகிறது என்று தெரிந்துவிடும், மறுகா அச்சில் பதிந்து வைத்துவிடலாம்.

கூத்துத் தாளத்தை லூப்பில் போடக் கேட்கிறவர்களும் உண்டு. கூத்தின் பாணி வடமோடியோ தென்மோடியோ, அதை நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தால் ஆட்டத்தை முடுக்குவார், சல்லரி (கைத்தாளம்) அவர் கையைப் பார்த்தே போகும், வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். 110இல் பூட்டின லூப் அதற்குள் நின்று பிடிக்காது. அந்த மாதிரி இடத்துக்குத்தான் தாளக்கட்டில்லாத அச்சு. டெம்போ ஒத்திசைவும் லூப் ஒத்திசைவும் நிறுத்தி, குவான்டைஸ் இல்லாமல், சுருதியையும் ஒன்றிரண்டு தனிச் சத்தத்தையும் மட்டும் அதில் ஓட விடுங்கள். மத்தளம் ஆள் கையில் இருக்கட்டும்.

கணினியில் செய்த தாளத்தை உள்ளே போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 44.1 கிலோஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 44,100 மாதிரிப்புள்ளி. டெம்போ 96இல் 16 அட்சரம் சரியாக 10 விநாடி, அதாவது 441,000 புள்ளி. ஓடாசிட்டி என்ற சத்தம் வெட்டுகிற மென்பொருளில் தெரிவின் நீளம் அந்த இலக்கத்தைக் காட்டினால்தான் வெட்டு சரி. 445,000 காட்டினால் ஒவ்வொரு சுற்றும் பத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தும், பத்துச் சுற்றில் ஒரு முழு அட்சரத்தையும் தாண்டிவிடும். எம்பி3ஆக எடுத்து மறுபடி வேவாக மாற்றினால் முன்னாலும் பின்னாலும் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடும். லூப் மூடுகிற இடத்தில் விக்கல் கேட்பது அதனால்தான். போனில் பதிந்தது பெரும்பாலும் 48 கிலோஹேர்ட்ஸாக இருக்கும், 44.1க்கு மாற்றாமல் போட்டால் பொஸ் லூப்பர் எடுக்காது. இடக் கணக்கு: 16 பிட் ஸ்டீரியோ ஒரு நிமிடம் 10.6 மெகாபைட், 32 பிட் என்றால் அதன் இரட்டிப்பு.

சத்த அளவைப் பற்றிச் சுருக்கமாக. ஆதி தாள அச்சை வைத்து மேசையில் ஒரு அளவு பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மேசையைத் தொடாமல் 11 தொடக்கம் வரிசையாக ஓட்டுங்கள். ஏறுவதையும் இறங்குவதையும் மெமரிக்குள்ளேயே சரி செய்து சேமியுங்கள். பாட்டுக்குப் பாட்டு சவுண்ட்காரர் கை பேடரில் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகோல்) ஓடுகிறதென்றால் பிழை உங்கட பக்கம். இன்னொன்று: மெமரிக்குள் சேமித்த அளவு ஓரிடம், கருவியின் பேடர் நிற்கிற இடம் வேறிடம் என்றால், தொட்டவுடன் சத்தம் தாவும். சேமிக்கும்போது எல்லா மெமரியிலும் பேடர் ஒரே உயரத்தில் நிற்கட்டும், முக்கால்வாசி நல்ல உயரம்.

கீபோர்டிலிருந்து மிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்புகிற இணைப்பு) வழியாக மெமரி மாற்றுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மிடியில் நிரல் இலக்கம் (மெமரியை அழைக்கிற இலக்கம்) உண்மையில் 0 தொடக்கம் 127 வரை. சில கீபோர்ட் அதை 1 தொடக்கம் 128 என்று காட்டும், சிலது 0இலிருந்தே காட்டும். லூப்பரின் மெமரியோ 1இல் தொடங்கும். 11 அனுப்பினால் 12 வருகிறதா? கருவி பழுதல்ல, இரண்டும் எண்ணத் தொடங்குகிற இடம் வேறு. எல்லாவற்றையும் ஒன்று குறைத்து அனுப்புங்கள். இரண்டாவது, ஒத்திசைவு தானியங்கியில் இருந்தால் கீபோர்டின் கடிகாரம் (அது அனுப்புகிற டெம்போ சைகை) வந்தவுடன் லூப்பர் தன் சேமித்த டெம்போவை விட்டு அதன் பின்னால் போகும். "96 போட்டு வைத்தேன், 120இல் ஓடுகிறது" என்கிற முறைப்பாட்டின் பின்னால் அநேகமாக இதுதான். லூப்பரை உள் கடிகாரத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கீபோர்டில் கடிகாரம் அனுப்புவதை நிறுத்துங்கள்.

சேமிப்பு. பதிந்தது சேமித்ததாகாது. எழுதாமல் அடுத்த மெமரிக்குப் போனாலோ கரண்ட் போனாலோ அந்த லூப் இல்லை. மேடையில் அப்போதே கட்டுகிற லூப்களுக்கு இது நன்மையும்கூட. பாட்டு முடிய அடுத்த மெமரிக்குப் போனால் அச்சு பழையபடி வெறுமையாகவே காத்திருக்கும். ஒத்திகையில் மட்டும் பிடித்ததை உடனே 91க்கு மேலே எழுதுங்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று திரை சொல்கிற நேரம் மின்னை எடுத்தால் அந்த ஒரு மெமரி மட்டுமல்ல, முழுதும் குழம்பலாம்.

கோயில் திருவிழாவில் ஜெனரேற்றரில் ஓடும்போது, சோடனை விளக்கெல்லாம் ஒரேயடியாகப் போட்டால் வோல்ற் ஒரு கணம் விழும். அம்பிளிபயர் தாங்கும். லூப்பர் அணைந்து எழும்பி வெறுமையாக நிற்கும். லூப்பருக்குப் பத்து வாட்கூடத் தேவையில்லை, சின்ன யூபிஎஸ் ஒன்று கனநேரம் காக்கும். ரவுட்டருக்கு விற்கிற 9 வோல்ற் சின்ன யூபிஎஸ் போடலாமா என்று கேட்பார்கள். வோல்ற் சரி, முனை சரியில்லை. அவற்றில் பெரும்பாலும் நடு முள் நேர் (+). பொஸ் கருவிக்கு நடு முள் எதிர் (−) வேண்டும். முனை மாற்றுகிற வயர் இல்லாமல் செருகக் கூடாது. அம்பியர் கருவியின் அடியில் எழுதியிருப்பதற்குக் குறையவும் கூடாது.

காப்புப் பிரதிக்கு, யூஎஸ்பி வயரால் கணினியில் இணைத்துக் கருவியைச் சேமிப்பு நிலைக்கு மாற்றினால் ரோலண்ட் என்றொரு போல்டர் தெரியும். உள்ளே டேட்டா, வேவ் என்று இரண்டு. ஒழுங்கெல்லாம் முதலாவதில், சத்தமெல்லாம் இரண்டாவதில். சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு "பக்கப் பண்ணியாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் கனபேர். திரும்பப் போடும்போது பெயரும் இல்லை, டெம்போவும் இல்லை, ட்ராக் ஒதுக்கீடும் இல்லை. ரோலண்ட் போல்டரை முழுதாக எடுத்து, நாளை இலக்கத்தில் எழுதின ஒரு போல்டருக்குள் வையுங்கள். உள்ளே இருக்கிற பெயர் எதையும் மாற்ற வேண்டாம். திரும்பப் போடுவதும் முழுதாகத்தான், அரைகுறையாக அல்ல. பென்டிரைவில் இன்னொரு கொப்பி, அது பைக்குள். வயரைக் கழற்றுமுன் கணினியில் பாதுகாப்பாகக் கழற்றுகிற கட்டளையைக் கொடுங்கள்.

திரையில் வராத தமிழ் கடதாசியில் வரட்டும். அரை ஏ4 தாளில் இலக்கம், பாட்டின் முழுப் பெயர், கட்டை, டெம்போ, எந்த ட்ராக் நிரப்பினது என்று ஐந்து நிரல். தடித்த கறுப்புப் பேனை, கையெழுத்துப் பெரிது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை இல்லாமல் மேடைக்குக் கொண்டு போக வேண்டாம். அறுகம்பை, பாசிக்குடாப் பக்கம் கடற்கரை ஹொட்டல்களில் வாசிக்கிறவர்கள் அந்தத் தாளைக் கருவியின் மேல் டேப் ஒட்டி வைக்காமல் பக்கத்தில் கிளிப்பால் பிடியுங்கள். உப்புக் காற்றில் பேடருக்குள் ஈரம் இறங்கும், டேப்பின் பசையும் சேர்ந்தால் மூன்றாவது ட்ராக் கரகரக்கத் தொடங்கும். மெமரியில் பிழை தேடி ஒரு பின்னேரம் போகும்.